அப்பத்தாவின் விரல்கள்: முதியோர் இல்லத்தில் ஓர் இறுதிக்காலக் கவனிப்பு, நிகழ்வு ஆய்வு

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் ஜன்னல்களில் பாதி யானைமலையைப் பார்த்தபடி இருக்கும். 34 பேர் தங்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏழெட்டுப் பேராவது இங்கேயே, எங்கள் கையிலேயே கண்ணை மூடுகிறார்கள். மருந்துக்கு ஏடு இருக்கிறது, உணவுக்கு இருக்கிறது, படுக்கைப் புண்ணுக்கு இருக்கிறது. சாகப்போகிறவரின் மனம் எதைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது என்று எழுதி வைக்க மட்டும் எங்களிடம் ஏடு இருந்ததில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பது ஒரு மூதாட்டியின் கடைசி 19 நாட்களில்தான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் செய்த பிழையையும் சேர்த்து அதை முழுவதுமாக எழுதுகிறேன்.

அவருடைய மகனின் சம்மதம் பெற்றுத்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். இல்லத்தில் எல்லோரும் அவரை அப்பத்தா என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பின்புலம்

வயது 77. மேலூர் வட்டாரத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவர். 17 வயதில் திருமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டார். கணவர் இளம் வயதிலேயே இறந்துவிட, இரண்டு மகன்களோடு மதுரைக்கு வந்து பூக்கட்டிப் பிழைத்தார். கடைசியாக உட்கார்ந்திருந்தது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில். மூத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்கிறார். இளையவர் 2009இல் சாலை விபத்தில் இறந்துபோனார்.

நோய், மார்பகப் புற்று. இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இனி நோயை அழிக்க மருந்து இல்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு எங்களிடம் வந்தார். 14 மாதம் எங்களோடு இருந்தார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வலியைத் தணித்துத் துணை நிற்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் செவிலியர் முறையாக வந்து பார்த்தார். வலிக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மாத்திரை பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு எட்டாமல் கிடந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எலும்பு வலியில் துடிக்கிறவரிடம் போய் உங்கள் நம்பிக்கை என்ன, சாமி என்ன என்று கேட்பது கொடுமை. வலி அடங்கிய பிறகுதான் மற்றப் பேச்சு.

அப்பத்தாவுக்கு வலி அடங்கித்தான் இருந்தது. காலையில் கஞ்சி குடிப்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் கத்தோலிக்கர், எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா, அப்பத்தாவுக்கு மட்டும் மதினி. இருவரும் மதியத்தில் ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன நடந்தது

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை இரவு அப்பத்தா தூங்கவில்லை. இரண்டு கைகளும் படுக்கை விரிப்பின் மேல் ஊர்ந்துகொண்டே இருந்தன. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் உருட்டுவார், விடுவார், இன்னோர் இடத்தில் பிடித்து உருட்டுவார். தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார். கேட்டால் பதில் இல்லை. விடியற்காலையில் அழுதார். வலியால் அழுவது எனக்குத் தெரியும். அதில் முகம் சுருங்கும். இந்த அழுகையில் முகம் அசையவில்லை, கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் இறங்கியது.

இறுதிக்கட்டத்தில் இருப்பவர்கள் இப்படி விரிப்பைப் பிறாண்டுவது உண்டு. சித்தக் குழப்பத்தின் அறிகுறி என்று எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மார்ஃபின் உடம்பில் தங்கி மயக்கம் காட்டுகிறதா. டாக்டரும் வந்து பார்த்தார். மலம் மட்டும் கொஞ்சம் கட்டியிருந்தது, அதைச் சரிசெய்தோம். விரல்கள் நிற்கவில்லை. சனிக்கிழமை மார்ஃபினை 15 மில்லிகிராம் ஆக்கினார்கள். பகலெல்லாம் தூங்கினார், இரவில் எழுந்து மறுபடியும் தேடினார். சித்தக் குழப்பத்தைத் தணிக்கும் ஹாலோபெரிடால் மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்தார்கள். கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பணியாளர் அக்கா ஒருவர் வேறு மாதிரி சொன்னார். அப்பத்தா பூக்கட்டுகிறார் என்றார். நாற்பது வருடம் கட்டிய கை, சாகும்போது தானாகக் கட்டுகிறது. கேட்ட எல்லோருக்கும் கண் கலங்கியது. நானும் அதை நம்பினேன். ஒரு முழம் மல்லிகையையும் நாரையும் வாங்கி வந்து கையில் கொடுத்தேன். அப்பத்தா அவற்றை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. வழக்கமாக வரும் பஜனைக் குழு வந்து கோவிந்த நாமம் சொன்னது. அப்பத்தாவின் கட்டிலருகே கொஞ்சம் அதிக நேரம் பாடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆன்மிகக் கவனிப்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அப்பத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகன் திருப்பூரிலிருந்து வந்தார். வரும் வழியில் திருமங்கலம் போய்க் குலதெய்வக் கோயில் திருநீறு வாங்கி வந்திருந்தார். நெற்றியில் பூசியபோது அப்பத்தா மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் திருநீற்றுக்கு எந்த அசைவும் இல்லை.

டீச்சரம்மா சொன்னது

ஏழாம் நாள், புதன்கிழமை, மதிய மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சிஸ்டர், அவள் பூக்கட்டவில்லை. முடிச்சைத் தேடுகிறாள்."

என்ன முடிச்சு என்றேன். மஞ்சள் துணியில் முடிந்த காசு. எப்போதும் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். போன வியாழக்கிழமை மெத்தை மாற்றியதிலிருந்து காணோம். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

ஏட்டைப் புரட்டினேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையில் மெத்தை, தலையணை எல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றிய அக்காவைக் கேட்டேன். தலையணைக்கு அடியில் அழுக்கேறிக் கறுத்துப்போன ஒரு துணிச் சுருட்டு இருந்தது, பழைய துணி என்று குப்பையோடு போட்டுவிட்டேன் என்றார். குப்பையை அன்று மாலையே எரித்தாகிவிட்டது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படுக்கையைச் சுத்தமாக வை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். படுக்கையில் இருக்கும் எதையும் கேட்காமல் எடுக்காதே என்று சொல்லிக்கொடுக்காததும் நான்தான்.

ஆறு நாட்களாக நாங்கள் நோயின் அறிகுறி என்று எழுதி வைத்தது, ஒரு மனுஷி தன் பொருளைத் தேடியது.

கேள்வியை மாற்றியபோது

நோயாளியின் நம்பிக்கைகளைக் கேட்டறிய ஆங்கிலத்தில் பல கேள்விப் படிவங்கள் இருக்கின்றன. கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1996இல் உருவாக்கியது பரவலாகப் பயன்படுகிறது. நம்பிக்கை என்ன, வாழ்வில் அதற்கு என்ன இடம், எந்தச் சமூகத்தோடு சேர்ந்து அதைக் கடைப்பிடிக்கிறீர்கள், உங்களைக் கவனிப்பதில் அதை நாங்கள் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று நான்கு தலைப்புகள். நல்ல படிவம்தான். அப்பத்தா எங்களிடம் வந்தபோது அதைத் தமிழாக்கிக் கேட்டிருந்தேன். "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா" என்ற கேள்விக்கு "எல்லாச் சாமியையும் கும்பிடுவேன் தாயி" என்று பதில் சொன்னார். அதை அப்படியே எழுதி ஏட்டை மூடிவிட்டேன். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். சாமி கும்பிடுகிறாயா என்பதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? எந்தச் சாமி, யாருடைய சாமி, அந்தச் சாமிக்கும் உனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வேறு விதமாகக் கேட்டேன். "அப்பத்தா, பிள்ளைகளுக்கு எந்தக் கோயிலில் முடி இறக்கினீர்கள்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திருமங்கலம் பக்கத்துக் கோயிலின் பெயரைச் சொன்னார். அது அவர்கள் அப்பன் சாமி என்றார். "உங்கள் அம்மா கும்பிட்ட சாமி?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அய்யனார்" என்றார். "கண்மாய்க்கரை."

கல்யாணம் ஆனதும் பெண்ணுக்குக் கணவன் வீட்டுக் குலதெய்வமே குலதெய்வமாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு முடி இறக்குவதும் காது குத்துவதும் அங்கேதான். பிறந்த வீட்டுச் சாமியைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை. மகன் நல்ல மகன், குறைசொல்ல முடியாதவர். அம்மாவின் குலதெய்வம் எது என்று அவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். அம்மா காத்திருந்தது வேறொரு சாமிக்கு.

அந்தச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஆனது, நடுநடுவே தூங்கித் தூங்கி, சொல்லி முடிக்க. 1974. இளைய மகனுக்கு இரண்டு வயது. அம்மா வீட்டில் இருந்தபோது காய்ச்சல் கண்டு பிள்ளைக்கு நினைவு தப்பிவிட்டது. இரவோடு இரவாக அய்யனார் கோயில் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பிழைத்தால் அடுத்த புரவி எடுப்பில் மதலை எடுத்து வைக்கிறேன் என்று வேண்டி, நாலணாவை மஞ்சள் துணியில் முடிந்தார். பிள்ளை பிழைத்தது.

மேலூர், சிவகங்கைப் பக்கத்தைச் சேராதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். புரவி எடுப்பு என்பது அய்யனாருக்கு மண் குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் வைக்கும் திருவிழா. மண் குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் ஊரார் ஒரு பிடி மண், அதாவது பிடிமண், கொடுப்பதில் தொடங்கும். குதிரையோடு அவரவர் நேர்த்திக்கடனாக மண் பொம்மைகளையும் எடுப்பார்கள். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவர்கள் எடுப்பது பிள்ளைப் பொம்மை, அதுதான் மதலை. திருவிழாவை ஊர் கூடித்தான் நடத்த முடியும். அப்பத்தாவின் ஊரில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தரப்புக்கும் தகராறு வந்து, புரவி எடுப்பு நின்றுபோனது. இன்று நடக்கும், நாளை நடக்கும் என்று வருடங்கள் ஓடின. அவர் மதுரைக்கு வந்துவிட்டார். முடிச்சு மட்டும் கூடவே வந்தது. அந்த நாலணாக் காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமலும் போய்விட்டது.

அதற்கு முன்பே, 2009இல், இளைய மகன் போய்விட்டார்.

"சாமி கேட்டது. நான் கொடுக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது" என்றார் அப்பத்தா.

எனக்குத் தாங்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை அப்பத்தா, விபத்து விபத்துதான், லாரிக்காரன் செய்த தப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அதன்பின் பேசவில்லை. ஆறுதல் என்று நினைத்து நான் சொன்னது, பதினான்கு வருடமாக அவர் சுமந்ததை ஒரே வார்த்தையில் பொய் என்று தள்ளுவதாக ஆகிவிட்டது. குற்றம் என்று அவர் நம்பியதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தச் சாமியின் சார்பில் பேசும் உரிமை உள்ளவர் வாயிலிருந்துதான் அவருக்குப் பதில் வர வேண்டும்.

வேளாரின் பதில்

மறுநாள் மகனுக்குப் போன் செய்தேன். அவருக்கு இந்த வேண்டுதல் பற்றி எதுவுமே தெரியாது. தாய்மாமன் வீட்டு உறவுகளைப் பிடித்து, கோயில் பூசாரியின் எண்ணை இரண்டு மணி நேரத்தில் வாங்கித் தந்தார். பூசாரி வேளார், அறுபது வயதிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன், முடிச்சை நாங்கள் தொலைத்ததையும் மறைக்கவில்லை. ஆத்தாவிடம் கொடுங்கள் என்றார். போனை அப்பத்தாவின் காதருகே பிடித்தேன்.

"யாரு, வேளார் மகனா?" என்றார் அப்பத்தா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி.

"ஆமாம் ஆத்தா. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது" என்று தொடங்கினார் அவர். ஊர்ப் பேச்சு கொஞ்சம் பேசினார். கண்மாயில் தண்ணீர் இருக்கிறது என்றார். பிறகு சொன்னது இது: "அய்யனார் பிள்ளை தூக்குகிற சாமி இல்லை ஆத்தா. காவல் நிற்கிற சாமி. திருவிழாவை நிறுத்தியது ஊர். அந்தக் குற்றம் எங்களுடையது, உங்களுடையது இல்லை. காசு தொலைந்தால் கடன் தொலைந்துவிடாது. மதலையைக் கை தொட்டு அனுப்புங்கள். நான் வாங்கி வைக்கிறேன்."

அப்பத்தா "சரிப்பா" என்றார். அன்றிரவு ஐந்து மணி நேரம் தூங்கினார்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் நினைவு எனக்கு வந்தது. செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். சாகும் தறுவாயில் இருப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனதின் வலி, உறவின் வலி, ஆன்மாவின் வலி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்று சொல்லி, அதற்கு முழு வலி என்று பெயர் வைத்தார். பயிற்சி வகுப்பில் நான்கு வட்டங்கள் போட்டு இதைப் படித்திருக்கிறேன். அப்பத்தாவின் விஷயத்தில் நான்கும் ஒரே முடிச்சுக்குள் இருந்தன. பிள்ளை, ஊர்ச் சண்டை, பிறந்த வீடு, சாமி.

மதலை

மதலைக்கு எங்கே போவது? திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி, மண் பொம்மைக்குப் பேர்போன ஊர். எங்கள் அக்கா, முடிச்சை எரித்தவர், நானே போகிறேன் என்று பஸ் ஏறினார். அது நவராத்திரி நேரம். வீட்டுக்கு வீடு கொலு பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. தவழும் கிருஷ்ணன் வேண்டுமா, மரப்பாச்சி ஜோடி மாதிரி வேண்டுமா என்று கேட்டார்களாம். மதலை என்று சொன்னதும் ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, யாருக்கு என்று கேட்டிருக்கிறார். விவரம் கேட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து வா என்று அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, பொம்மை வந்தது. ஒரு முழம் உயரம், சுட்ட மண், இடுப்பில் அரைஞாண் கோடு. கன்னத்தில் பூசிய மஞ்சள் வண்ணம் முழுதாகக் காயாமல் அக்காவின் முந்தானையில் ஒட்டியிருந்தது. மகனும் வந்திருந்தார். கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி, பொம்மையை மடியில் வைத்தோம். அப்பத்தா அதன் முகத்தைத் தடவினார். நெற்றி, கண், மூக்கு. பிறகு காலைப் பிடித்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது போல. இளைய மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூத்தவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

அன்றிரவு பொம்மை அவர் பக்கத்திலேயே இருந்தது. மஞ்சள் துணி ஒன்றில் புதிதாக ஒரு ரூபாய்க் காசை முடிந்து கையில் கொடுத்தேன். அதைப் பொம்மையின் கழுத்தில் கட்டச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மகனும் அக்காவும் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோனார்கள். பூசாரி வாங்கி, பழைய குதிரைகளுக்கு நடுவில் வைத்துப் பூசை போட்டார். அதை மகன் போனில் படம் எடுத்துக் காட்டினார். திருநீறும், துணியில் ஒரு பிடி கரை மண்ணும் வந்தன.

விரிப்பைப் பிடித்து உருட்டுவது பத்தாம் நாளிலிருந்தே குறைந்திருந்தது. பதிமூன்றாம் நாளுக்குப் பிறகு அறவே இல்லை. டாக்டர் மார்ஃபினை மறுபடியும் 10 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார், ஹாலோபெரிடாலை நிறுத்தினார். மலச்சிக்கல் சரியானதும் மருந்து மாறியதும் இதே நாட்களில்தான். எது எவ்வளவு உதவியது என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சந்தேகம் இல்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

கடைசி நாட்கள்

பதினைந்தாம் நாள் முதல் உணவு நின்றது. கணவர் வழி உறவினர் ஒருவர் பார்க்க வந்தார். இழுத்துக்கொண்டு கிடக்கிறதே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்தால் நிம்மதியாகப் போய்விடும் என்றார். தென் மாவட்டங்களில் சில இடங்களில் தலைக்கூத்தல் என்று இதற்குப் பெயரே உண்டு. முடியாது என்று நேராகச் சொன்னேன். அவரை வெளியே அழைத்துப்போய், அப்பத்தாவுக்கு இப்போது வலி இல்லை, உயிர் தன் நேரத்தில் போகட்டும், நாம் உடன் இருப்போம் என்று விளக்கினேன். அவர் கொடியவர் இல்லை. கஷ்டப்படுகிறாள் என்ற தவிப்பில் பேசியவர். பாட்டியின் மரியாதையைக் காப்பாற்றும் சடங்குக்கும் உயிரை முடிக்கும் சடங்குக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில் இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தடுமாற்றம் இருக்கவே கூடாது. பால் ஊற்றுவதும் அப்படித்தான். நினைவு இல்லாதவரின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைத்தால் போதும்; சடங்குக்கும் குறைவில்லை.

அவருக்கு இன்னொரு கவலை இருந்ததை மகனிடம் சொல்லியிருக்கிறார். தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். வைக்க வேண்டியவன் முன்னால் போய்விட்டான். மூத்தவர், நான் இரண்டு பேருக்கும் சேர்த்து வைக்கிறேன் ஆத்தா என்று சொன்னாராம்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் பின்னால் மூச்சு நின்றது. இடது கையில் கரை மண் இருந்த துணி. மகன் உதட்டில் பால் வைத்தார். டீச்சரம்மா தன் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு முன்பெல்லாம் எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்க வாசல் வழியாக வண்டியில் ஏற்றிவிடுவோம். மற்றவர்கள் பயந்துவிடக் கூடாது என்று காரணம் சொல்வோம். காலையில் காலிக் கட்டிலைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். தாங்களும் இப்படித்தான் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகப்படுவோம் என்பதும் தெரியும். அப்பத்தாவை முன்வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று டீச்சரம்மாதான் கேட்டார். நிர்வாகம் தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டது. நடக்க முடிந்தவர்கள் வந்து நின்றார்கள், முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம். யாரும் பயப்படவில்லை. மல்லிகைச் சரம் ஒன்றை எல்லோரும் கை மாற்றி மாற்றித் தொட்டுக் கொடுத்தார்கள். தத்தனேரியில் தகனம் நடந்தது.

எங்களிடம் மாறியவை

இப்போது ஒருவர் சேரும்போதே, கேட்கக்கூடிய நேரம் பார்த்துச் சிலவற்றைக் கேட்டு எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு எங்கே முடி இறக்கினீர்கள், உங்கள் அம்மா கும்பிட்டது யாரை, யாருக்காவது எதற்காவது கடன் பாக்கி இருக்கிறதா, படுக்கையில் எங்கள் கை படக் கூடாத பொருள் உண்டா. ஒரே நாளில் கேட்டு முடிப்பதில்லை. பதில் சொல்ல விருப்பம் இல்லாதவரை விட்டுவிடுகிறோம். சாமி இல்லை என்கிறவரும் எங்களிடம் இருக்கிறார். தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் ஏட்டில் எழுதச் சொன்னது. தையல் வேலை செய்த ராவுத்தர் ஐயா, கடைசியில் கிப்லாவின் பக்கம், அதாவது மக்காவின் திசையில், முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும், நம்பிக்கை மொழியான கலிமாவைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிவாசலிலிருந்து இன்னாரைக் கூப்பிட வேண்டும், குளிப்பாட்டுவது தன் ஆட்கள்தான் என்று வரிசையாகச் சொன்னார். அவர் கட்டிலை எந்தத் திசையில் திருப்பினால் சரியாக வரும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறோம்.

வெளியிலிருந்து பாட வருகிறவர்களும் ஜெபிக்க வருகிறவர்களும் இப்போது கூடத்தோடு நிற்கிறார்கள். கட்டிலருகே போவது, கட்டிலில் இருப்பவர் கூப்பிட்டால் மட்டுமே. எழுந்து போக முடியாதவர் முன்னால் நின்று பாடுவது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்பதை அப்பத்தா சுவர்ப்பக்கம் திரும்பியபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் கேட்கிறோம். வேலை முடிந்து நாங்கள் போன பிறகு இரவெல்லாம் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது அவர்கள்தான்.

அப்பத்தா போய்ப் பதினாறாம் நாள் கழிந்ததும் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். ஏட்டைக் கொண்டுவா, எனக்கும் எழுது என்றார். குருவானவரைக் காலம் தாழ்த்தாமல், நினைவு இருக்கும்போதே அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டினார். மணிகளில் இரண்டு உடைந்து, அந்த இடத்தில் நூல் சுற்றியிருந்தது.

"மெத்தை மாற்றுகிற நாளில் முதலில் இதை என் கையில் கொடுத்துவிடு. அப்புறம் மாற்று" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.